பிடித்த நாளில் தொடங்க வேண்டிய ஒப்பந்தம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



அரசு நிர்வாகம் சார்ந்து விரும்பிய பொருளில் பேசலாம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பெரிய கொள்கைகளைப் பற்றிப் பேச இங்கே பலர் வந்து போயிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது காவல் நிலையச் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் வண்டிகள். மணல் ஏற்றிப் பிடிபட்ட டிப்பர், ரேஷன் அரிசியோடு மடக்கப்பட்ட மினி லாரி, சாராயக் கேனோடு சிக்கிய மொபெட், விபத்து வழக்கில் வந்த கார், திருடனிடமிருந்து மீட்டும் உரியவர் வந்து சேராத பைக். செடி முளைத்து, சக்கரம் மண்ணில் புதைந்து அவை நிற்பதைப் பார்த்துப் பார்த்து நம் கண் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இன்று கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. விசாரணைக்காக அதிகாரி தன் வசம் எடுத்துக்கொண்ட வண்டியைக் கைப்பற்றிய வண்டி என்று சொல்கிறேன். அதன் உரிமை இன்னமும் பழைய உரிமையாளருடையதுதான். சட்டப்படி முடிவெடுக்கப்பட்டு, உரிமையே அரசுக்கு மாறிவிட்ட வண்டியைப் பறிமுதலான வண்டி என்கிறேன். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே மாதங்கள் ஓடுகின்றன, பல வழக்குகளில் ஆண்டுகள் ஓடுகின்றன.

என் வாதம் ஒன்றே. வண்டியைக் கைப்பற்றிய நேரத்திலிருந்து அதைக் காப்பது அரசின் பணி. அந்தப் பணிக்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், விலை வேண்டும், தவறினால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். நாமோ கடைசி நாளான ஏலத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்கிறோம். ஒப்பந்தம் ஏலத்தன்று தொடங்கினால் விற்பதற்கு இரும்புதான் மிஞ்சும். வண்டியைப் பிடித்த நாளிலேயே அது தொடங்க வேண்டும்.

1. அரசு காப்பாளராகும் நேரம்

1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். குஜராத் மாநில அரசுக்கும் மேமன் முகமது ஹாஜி ஹசம் என்பவருக்கும் இடையிலான வழக்கு. 1947-இல், அப்போதைய ஜூனாகத் சமஸ்தானத்தின் சுங்க அதிகாரிகள் அவருடைய மோட்டார் வண்டிகளைக் கைப்பற்றினார்கள். அவர் மேல்முறையீடு செய்தார். முறையீடு நிலுவையில் இருக்கும்போது வண்டிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பிறகு அவை உரிமை கோரப்படாத பொருள் என்று நடுவரிடம் சொல்லப்பட்டு, அவருடைய உத்தரவின் பேரில் விற்கப்பட்டன. இறுதியில் உரிமையாளர் முறையீட்டில் வென்றார். வண்டியைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு வந்தபோது கொடுப்பதற்கு வண்டி இல்லை.

அரசு என்ன வாதிட்டது என்பதுதான் இங்கே முக்கியம். வண்டி உரிமையாளருக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் ஏதும் கிடையாது, சட்டம் தந்த அதிகாரத்தில் எடுத்தோம், ஆகவே காப்பாளரின் கடமை எங்களுக்கு இல்லை என்றது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமலும் காப்புக் கடமை பிறக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்று தெரிந்தே ஒரு பொருளைத் தன்னிடம் வைத்திருக்கும் அரசு அதை நியாயமான அக்கறையோடு பாதுகாக்கக் கடமைப்பட்டது என்றது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு இந்த அக்கறைக்கு அளவு சொல்கிறது: விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதர் தம் சொந்தப் பொருளுக்குக் காட்டும் அக்கறை.

பத்தாண்டு கழித்து, 1977-இல், பசவ்வா என்ற பெண்மணியின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் நடந்தது. திருட்டுப்போய் மீட்கப்பட்ட அவருடைய நகைகள் காவல் நிலையத்திலிருந்தே மறைந்துபோயின. அவற்றின் மதிப்பை அரசு கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

ஊரில் அடகுக்கடைக்காரர் நகையை வாங்கியதும் எடை போட்டு ரசீது எழுதித் தந்து பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். வட்டி கட்டாத நகையை ஏலம் விடும் உரிமை அவருக்கு உண்டு என்றாலும், அதுவரை அதில் கீறல் விழாமல் காப்பது அவர் பாடு. தனியார் ஒருவரிடம் நாம் எதிர்பார்க்கும் இந்த ஒழுங்கு அரசிடம் இருக்க வேண்டும் என்று 1967-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2. நின்றபடியே தேயும் வண்டி

வண்டி ஓடினால்தான் தேயும் என்று நினைப்போம். ஓடாமல் வெட்டவெளியில் நிற்கும் வண்டி அதைவிட வேகமாகக் கெடும். சில வாரங்களில் பாட்டரி இறங்கிவிடுகிறது. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து பிறகு சார்ஜ் ஏறாது. டாங்கில் இருக்கும் பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ அடைக்கிறது. பிரேக் டிரம் துருவேறி ஒட்டிக்கொள்கிறது. ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் அங்கே தட்டையாகி, வெயிலில் வெடிப்பு விடுகிறது. எலி ஒயரைக் கடிக்கிறது. மழைநீர் இறங்கினால் என்ஜினுக்குள் பிஸ்டன் இறுகிவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இத்தனையையும் சீக்கிரமாக்கும். நடுவே ஸ்டெப்னி, கண்ணாடி, ஸ்டீரியோ ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். யார் எடுத்தது என்று கேட்க முடியாது. பிடித்த அன்று என்னென்ன இருந்தன என்று மகஜரில் எழுதியிருந்தால்தானே கேட்பது?

இது இயந்திரத்தின் தேய்மானம் மட்டும். காகிதங்களும் கூடவே காலாவதியாகின்றன: காப்பீடு, தகுதிச் சான்று, பெர்மிட், சாலை வரி. கடன் மட்டும் காலாவதியாவதில்லை. வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போதும் மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். வாடகை லாரியோ டாக்ஸியோ வைத்துப் பிழைப்பவருக்கு வருமானம் நின்ற அதே நாளில் கடன் பெருகத் தொடங்குகிறது. அவர் குற்றவாளியா இல்லையா என்பது இன்னும் தீர்மானமாகாத நிலையில் இது நடக்கிறது. பல வழக்குகளில் அவர் எதிரியாகக்கூடச் சேர்க்கப்பட்டிருப்பதில்லை.

கணக்காகவே பார்க்கலாம். மோட்டார் காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் குறிக்க ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கான அளவு இது. 10 லட்ச ரூபாய் வண்டி இரண்டாம் ஆண்டில் பிடிபட்டால் அட்டவணைப்படி அதன் மதிப்பு 8 லட்சம். அன்றே விற்று, ஆண்டுக்கு 6 விழுக்காடு தனிவட்டியில் வங்கியில் போட்டிருந்தால் நான்காண்டு முடிவில் 9 லட்சத்து 92 ஆயிரம் இருக்கும். வழக்கில் யார் வென்றாலும் அந்தத் தொகையை அவரிடம் கொடுக்கலாம். வண்டியாகவே வைத்திருந்தால் அப்போது வருவது எடைக்குப் போடும் விலை. நடுவில் கரைந்த தொகை அரசுக்கும் சேரவில்லை, உரிமையாளருக்கும் சேரவில்லை.

ஆபத்தும் கூடவே இருக்கிறது. 2024 ஜனவரியில் தில்லி வசீராபாத்தில் காவலர் பயிற்சிப் பள்ளி வளாகத்தில், வழக்கு வண்டிகளை வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்துச் சுமார் 450 வண்டிகள் எரிந்தன. எண்ணெயும் ரப்பரும் காய்ந்த புதரும் நெருக்கமாகக் கிடக்கும் எந்த வளாகத்திலும் இது நடக்கலாம். மழைக்காலத்தில் அந்த டயர்களில் தேங்கும் நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் இந்த வளாகத்தால் பாதிப்பு உண்டு.

3. தீர்ப்புகள் வந்துவிட்டன, வேலை செய்ய ஆள் வரவில்லை

இந்நிலையை நீதிமன்றங்கள் கவனிக்காமல் இல்லை. 2002 அக்டோபர் 1 அன்று, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் மிகத் தெளிவாகப் பேசியது. காவல் நிலையத்தில் இருந்த வழக்குப் பொருட்களைக் காவலர்களே முறைகேடு செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில் பிறந்த வழக்கு அது. கைப்பற்றிய வண்டிகளை நீண்டகாலம் ஸ்டேஷனில் வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. தக்க பிணையும் உறுதிமொழியும் பெற்று நடுவர் உடனே விடுவிக்க வேண்டும். படம் எடுத்து விவரமான பட்டியல் தயாரித்துவிட்டால் சாட்சியத்துக்கு அது போதும். யாரும் உரிமை கோராத வண்டியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுக்கலாம். அவர்களும் வராவிட்டால் ஏலம் விடலாம். வண்டி நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் இதெல்லாம் நடக்க வேண்டும் என்றது. 2010-இல் பொதுக் காப்பீட்டு மன்றம் தொடுத்த வழக்கில் மேலும் நெறிமுறைகள் வந்தன.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம் தன் 497-ஆம் பிரிவில் காலவரையறையே வைத்தது. பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும்; படமோ காணொளியோ எடுக்க வேண்டும்; அதன்பின் 30 நாளுக்குள் விடுவிப்பதா, விற்பதா, அழிப்பதா என்று உத்தரவிட வேண்டும். 2025 ஜனவரியில் பிஸ்வஜித் டே வழக்கில், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் சிக்கிய லாரியைக்கூட இடைக்காலமாக விடுவிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அசாமைச் சேர்ந்த அந்த உரிமையாளர் தவணையில் லாரி வாங்கி, அதை வைத்தே பிழைத்தவர். போதைப்பொருள் அதில் ஏறி வந்த பயணியிடம் இருந்தது. உரிமையாளர்மீது குற்றச்சாட்டே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் சுற்றுச்சுவர் ஓரம் ஏன் காலியாகவில்லை? இந்தக் கேள்வியில்தான் என் உரையின் மையம் இருக்கிறது.

தீர்ப்புகள் அனைத்தும் நடுவரை நோக்கிப் பேசுகின்றன. வளாகத்தைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று எந்தத் தீர்ப்பும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் அந்தப் பொறுப்பு நிலைய எழுத்தரான ரைட்டர் தலையில் விழுகிறது. அவர் எஃப்.ஐ.ஆர். எழுதுகிறார், சம்மன் அனுப்புகிறார், பந்தோபஸ்துப் பணிக்கும் போகிறார். கூடவே இந்த வண்டிகளும். அவருக்குக் கொட்டகை கிடையாது, மெக்கானிக் கிடையாது, பாட்டரி கழற்றி வைக்க ஓர் அலமாரிகூடக் கிடையாது. ஆய்வாளர் மாறுகிறார், ரைட்டர் மாறுகிறார், சாவிக் கொத்து கை மாறுகிறது. எந்தச் சாவி எந்த வண்டிக்கு என்பது மாறிப் போனவரோடு போய்விடுகிறது. பணிச்சுமைக்கு நடுவே நேர்மையோடு இதைச் சமாளிக்கும் எழுத்தர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. செய்ய முடியாத வேலையை அவர்கள்மீது சுமத்தியிருக்கிறோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வண்டியை விடுவித்து, பிறகு அது நீதிமன்றத்துக்கு வராமல் போனால் அதிகாரியிடம் விளக்கம் கேட்பார்கள். விற்ற விலை குறைவு என்றால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். சும்மா நிறுத்திவைத்து அது மட்கிப்போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. எந்தக் கேள்விக்கும் ஆளாகாத வழியை மனிதர்கள் தேர்ந்துகொள்வது இயல்பு.

சட்டங்களும் பல கிளைகளாக ஓடுகின்றன. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937, அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் 1955, கனிமங்கள் சட்டம் 1957, சுங்கச் சட்டம் 1962 என ஒவ்வொன்றிலும் வண்டியைப் பறிமுதல் செய்யத் தனி வழி உண்டு. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் பறிமுதல் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. குற்ற வழக்கோ நீதிமன்றத்தில் நடக்கிறது. ஆட்சியர் அலுவலகக் கோப்பு ஒரு பக்கம், நீதிமன்றக் கோப்பு ஒரு பக்கம், வண்டி மூன்றாவதாக ஓரிடத்தில். உரிமையாளர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைகிறார்.

இவ்வளவு தடைக்கும் நடுவே விரைவு சாத்தியம் என்பதற்குச் சான்றும் உண்டு. நீரவ் மோடி, மெகுல் சோக்ஸி ஆகியோர்மீதான வங்கி மோசடி வழக்கில் கைப்பற்றிய 13 கார்களை அமலாக்கத் துறை 2019 ஏப்ரலில் மின்னணு ஏலத்துக்குக் கொண்டுவந்தது. நீரவ் மோடியின் சொகுசுக் கார்கள் 2018 பிப்ரவரியில் பிடிபட்டவை. விசாரணை முடியும் முன்பே நீதிமன்ற அனுமதி பெற்று, எம்.எஸ்.டி.சி. வழியாக ஏலம் நடந்தது. 1964-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. எஃகு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு ஏறத்தாழ ஓராண்டில் நடந்தது மொபெட்டுக்கும் டாடா ஏஸுக்கும் நடக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். மதிப்புக் குறைந்த வண்டி, பெரும்பாலும் அதைத் தவிர வேறு சொத்தில்லாதவருடைய வண்டி.

4. அமெரிக்கா கற்ற பாடம், கற்காத பாடம்

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே காட்சிதான். 1983 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கைப்பற்றிய கார்கள், படகுகள், விமானங்கள் பராமரிப்பின்றி மதிப்பிழக்கின்றன. அவற்றை ஒழுங்காகக் காத்து விரைவாக விற்றால் பணமும் மிஞ்சும், சட்ட அமலாக்கமும் மேம்படும் என்பது அதன் சாரம். மறு ஆண்டே, 1984-இல், நீதித் துறைக்குப் பறிமுதல் நிதியம் ஒன்று சட்டத்தால் உருவானது. இழுத்து வருவது, கிடங்கில் வைப்பது, பராமரிப்பது, விற்பது ஆகிய செலவுகளை அந்த நிதியத்திலிருந்தே செய்யலாம். 1992-இல் கருவூலத் துறையும் தனி நிதியம் அமைத்தது. கிடங்கு, பராமரிப்பு, ஏலப் பணிகளைத் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். வண்டியைப் பிடிப்பதோடு காவல் அதிகாரியின் வேலை முடிந்தது. அதன்பின் வண்டி வேறு கைக்குப் போனது.

ஒப்பந்தம் போட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1990-இல் அதே தணிக்கை அலுவலகம் பறிமுதல் திட்டங்களை முறைகேட்டு அபாயம் மிகுந்த அரசுத் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலிலிருந்து நீங்க 2003 வரை ஆயிற்று. சரக்குக் கணக்கும் மேற்பார்வையும் கைகூட அவ்வளவு காலம் பிடித்தது. இடையே 2000-இல் வந்த சீர்திருத்தச் சட்டம் என் பார்வையில் மிக முக்கியமானது. பறிமுதல் செய்வதற்காகக் கைப்பற்றி, கடைசியில் பறிமுதலாகாமல் திரும்பும் பொருள் அரசின் காவலில் சேதமடைந்திருந்தால் உரிமையாளர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர அது வழி திறந்தது. நம் 1967 தீர்ப்பு சொன்ன கடமைக்கு அங்கே சட்டத்தில் ஒரு வாசல் வைத்தார்கள்.

கற்காத பாடமும் இருக்கிறது. பிடிப்பவருக்கே விற்பனைப் பணத்தில் பங்கு கிடைக்கும் முறை அங்கே வேரூன்றிவிட்டது. இந்தியானா மாநிலத்தில் டைசன் டிம்ஸ் என்பவருடைய லேண்ட் ரோவர் 2013-இல் பிடிபட்டது. தந்தை இறந்தபோது வந்த காப்பீட்டுப் பணத்தில் 42,000 டாலர் கொடுத்து அவர் வாங்கிய வண்டி. அவர் செய்த குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதமே 10,000 டாலர்தான். வண்டியைப் பறிமுதல் செய்ய மாநில அரசு ஒரு தனியார் வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்தி உரிமையியல் வழக்குப் போட்டது. 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மிகையான அபராதத்துக்கு எதிரான அரசமைப்புப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. வண்டி அவர் கைக்குத் திரும்பியது 2020-இல்.

அவர்கள் வகுத்த பணிப் பிரிவினையை எடுத்துக்கொள்ளலாம். லாபப் பங்கை எடுத்துக்கொள்ளக் கூடாது.

5. ஒப்பந்தத்துக்குள் என்ன இருக்க வேண்டும்

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வது கடினம் என்றாலோ, வைக்க இடமில்லை என்றாலோ, தேவைப்படும்போது முன்வைப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கும் எவரிடமும் அதை ஒப்படைக்கலாம். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 102-ஆம் பிரிவாகவும் புதிய சன்ஹிதாவில் 106-ஆம் பிரிவாகவும் இருக்கும் வாசகம் இதுதான். தகுதி பெற்ற ஒரு காப்பு நிறுவனம் அந்தப் பத்திரத்தை எழுதித் தருவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவும் கைப்பற்றிய சொத்துகளின் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்துமாறு உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. இந்தியா 2011-இல் அதை ஏற்புறுதி செய்துவிட்டது.

இனி ஒப்பந்தத்தின் உள்ளடக்கம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது. ஒப்பந்ததாரர் எப்படி நடந்துகொள்வார் என்பதை டெண்டரின் பிற பக்கங்களைவிட இந்த ஒரு பக்கமே தீர்மானிக்கும்.

இழுத்து வரும் வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், இழுக்க வேண்டாத வண்டியும் இழுக்கப்படும். பெங்களூரில் தனியார் இழுவை வண்டிகள் குறித்து மக்களின் புகார் பெருகி, 2022 பிப்ரவரியில் கர்நாடக அரசு அந்த இழுவைப் பணியை நிறுத்திவைக்க நேர்ந்ததை நினைவில் கொள்ளுங்கள். வண்டி ஒன்றுக்கு நாள் வாடகை என்று வைத்தால், வண்டி வெளியே போகாமல் இருப்பதே ஒப்பந்ததாரருக்கு ஆதாயம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தாள் அவர் மேசையில் தங்கிவிடும். விற்பனையில் விழுக்காடு என்று வைத்தால், திருப்பித் தர வேண்டிய வண்டியையும் விற்கவே நாட்டம் போகும்.

ஆகவே நான் முன்வைப்பது கொள்ளளவுக் கட்டணம். ஒரு மாவட்டத்துக்கு இத்தனை வண்டிகளைக் கூரைக்குக் கீழே வைக்கும் இடம், இத்தனை காவலாளிகள், ஒரு மெக்கானிக், தீயணைப்பு வசதி, கண்காணிப்புக் கேமரா. இவற்றை ஆயத்தமாக வைத்திருப்பதற்கு மாதந்தோறும் நிலையான தொகை. வண்டி பத்து வந்தாலும் நூறு வந்தாலும் தொகை மாறக் கூடாது. வண்டியை ஏற்கும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் நிலை அறிக்கை எழுத வேண்டும்: சேசிஸ் எண், என்ஜின் எண், ஓடிய கிலோமீட்டர், டயர், பாட்டரி, ஸ்டெப்னி, உள்ளே இருந்த பொருட்கள், நான்கு பக்கமும் படங்கள். வெளியே போகும்போது மீண்டும் ஓர் அறிக்கை. இரண்டுக்கும் இடையே இயல்பான தேய்மானத்துக்கு மேல் என்ன குறைந்திருந்தாலும் அதன் மதிப்பு ஒப்பந்ததாரரின் பில்லில் பிடிக்கப்பட வேண்டும். தீ, திருட்டு, வெள்ளத்துக்கு அவரே காப்பீடு எடுக்க வேண்டும். 151-ஆம் பிரிவின் விவேகமுள்ள மனிதரை டெண்டர் மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும்.

இழுப்பவர், காப்பவர், விற்பவர் மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது. காப்பவருடைய உறவினரோ கூட்டாளியோ ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது. பூட்டிய கொட்டகைக்குள் வண்டியின் உண்மை நிலை தெரிந்தவர் அவர் ஒருவரே. அந்த அறிவு விலைக்குப் போனால் ஏலம் பொய்யாகிவிடும்.

1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலைக்கு முன்னுரிமை தருகிறது. சாலை போடவும் மேசை வாங்கவும் அது நல்ல விதி. காவல் பணியில் மிகக் குறைந்த விலை கேட்டவர் காவலாளிகளைக் குறைத்து அந்த விலைக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே இரட்டை உறை முறையில் தொழில்நுட்பத் தகுதியைக் கடுமையாக எழுத வேண்டும். குறைந்தபட்ச ஆள், இடம், காப்பீட்டுத் தொகை ஆகியவை பேரத்துக்கு அப்பாற்பட்டவையாக இருக்க வேண்டும்.

பதிவேடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவல் துறையின் சி.சி.டி.என்.எஸ்., போக்குவரத்துத் துறையின் வாகன், நீதிமன்ற வழக்குகளுக்கான சி.என்.ஆர். எண் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. சேசிஸ் எண்ணை வைத்து மூன்றையும் இணைத்துவிட்டால், எந்த வண்டி எங்கே, எத்தனை நாளாக, யாருடைய உத்தரவுக்காகக் காத்திருக்கிறது என்று மாவட்ட நீதிபதியும் ஆட்சியரும் ஒரே திரையில் பார்க்கலாம். 30 நாள் கெடு தாண்டிய வண்டிகளின் பட்டியல் தானாகவே அவர்கள் முன் வர வேண்டும்.

ஓட்டத் தகுதியற்ற வண்டிகள் காயலான் கடை வழியே போகும் பாதையையும் மூட வேண்டும். இரும்பாக விற்ற வண்டியின் சேசிஸ் எண் திருட்டு வண்டிக்கு உயிர் கொடுப்பது காவல் துறையினர் நன்கு அறிந்த ஒன்று. 2021-இல் வந்த வாகனக் கழிவு நிலைய விதிகள், அமலாக்க அமைப்புகள் கைப்பற்றிய, கைவிடப்பட்ட வண்டிகளையும் பதிவுபெற்ற நிலையங்களில் உடைக்க வழி செய்திருக்கின்றன. உடைத்ததற்கான சான்று வந்து, வாகன் பதிவில் எண் நீங்கிய பிறகே அந்தக் கோப்பை மூட வேண்டும்.

6. ஐயங்கள்

செலவு ஆகுமே என்பார்கள். ஆகும். இப்போதும் ஆகிறது, எந்தக் கணக்குத் தலைப்பிலும் எழுதப்படாமல் ஆகிறது. உரிமையாளர் இழந்த மதிப்பு, அரசு இழந்த ஏலத்தொகை, காவலர்களின் நேரம், நகரின் நடுவே அடைபட்டுக் கிடக்கும் நிலம் எல்லாம் செலவுதான். பறிமுதலாகி விற்ற வண்டிகளின் தொகையை ஒரு தனி நிதியத்தில் சேர்த்து, அதிலிருந்து கொள்ளளவுக் கட்டணத்தைக் கொடுக்கலாம். அந்த நிதியம் நிதித் துறையின் கையில் இருக்க வேண்டும். பிடிக்கும் துறைக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் பங்கு கூடாது. நிதியம் போதாத ஆண்டில் அரசின் பொது வரவு ஈடுகட்ட வேண்டும். நிதியத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக வண்டி பிடிக்கும் நிலை எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது.

சாட்சியம் கெட்டுவிடும் என்ற அச்சம் சில வழக்குகளில் நியாயமானது. கொலை நடந்த கார், ரகசிய அறை செய்த கடத்தல் வண்டி போன்றவற்றைத் தடய அறிவியல் நிபுணர் சொல்லும் வரை முத்திரையிட்டுத் தனி அறையில் வைக்க வேண்டும். மற்றவற்றுக்குப் படமும் பட்டியலும் போதும் என்பது 2002 முதலே சட்ட நிலை. வெயிலில் நிறம் வெளுத்து, மீட்டர் கழன்று நிற்கும் வண்டி எதற்குச் சாட்சி சொல்லும்?

பெரிய ஒப்பந்தங்களில் அரசியல் நுழையும், கையூட்டு நுழையும் என்ற கவலையை நான் மதிக்கிறேன். மாநிலம் முழுவதையும் ஒரே நிறுவனத்திடம் தரச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு மாவட்டங்களில் தொடங்கி, ஏற்பு அறிக்கையும் வெளியேற்ற அறிக்கையும் பொதுத் தணிக்கைக்குத் திறந்திருக்க நடத்திப் பார்க்கலாம். கூட்டுறவு நிறுவனமோ அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையோ இந்த வேலையை ஏற்க முன்வந்தால் இன்னும் நல்லது. அவர்களிடம் கொட்டகையும் மெக்கானிக்கும் ஏற்கெனவே உண்டு. யார் செய்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அளவுகோல் வேண்டும், தவறினால் பிடித்தம் வேண்டும்.

7. உரிமையாளர் கையில் ஒரு தாள்

கடைசியாக, நாளை காலையிலேயே, ஒப்பந்தம் எதற்கும் காத்திராமல் தொடங்கக்கூடிய ஒன்று.

வண்டியைப் பிடிக்கும்போது ஓட்டுநரிடமோ உரிமையாளரிடமோ தமிழில் அச்சிட்ட ஒரு தாள் தர வேண்டும். எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் பிடிக்கப்பட்டது, வண்டியில் என்னென்ன இருந்தன, அது எங்கே வைக்கப்படுகிறது, யார் பொறுப்பு, விடுவிக்க எந்த நீதிமன்றத்தில் அல்லது எந்த அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும், ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுச் சான்று, பிணைதாரர் என எவை வேண்டும். எத்தனை நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை எப்படி அணுகுவது. இவை அனைத்தும் அந்த ஒரு தாளில் இருக்க வேண்டும். அதன் நகல் 24 மணி நேரத்துக்குள் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும். குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலோ, வழக்கில் சேர்க்கப்படாத உரிமையாளர் என்றாலோ, இழுவைக்கும் கிடங்குக்கும் அவரிடம் ஒரு காசும் கேட்கக் கூடாது என்பதும் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். காவல் துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும். மாதிரித் தாள் ஒன்றை இங்கே சட்டமும் பொது நிர்வாகமும் பயிலும் மாணவர்கள் இந்தப் பருவத்திலேயே எழுதி, நடுவர் நீதிமன்ற வழக்கறிஞர்களிடமும் நிலைய எழுத்தர்களிடமும் காட்டித் திருத்தி, அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணியில் உடனிருக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.